குறுக்கு வழி

விஸ்கான்சினில் அக்டோபர்.
சோளம் அறுத்த தாள்களின்மேல் உறைபனி இன்னும் விலகவில்லை.
மூன்று பண்ணைகளின் பாலோடு என் டாங்கரை
பள்ளிப் பேருந்துகளின் வாலில் நிறுத்துகிறேன்.
பதினொன்றுக்குள் சீஸ் ஆலையில் இருக்க வேண்டும்.
மாரிட்டின் ஓட்டம் ஒன்பதே முக்காலுக்கு.
இன்னொரு டிரைவர் வேலையை விட்டுப் போனதில்
இந்தப் பருவத்தில் நான் வரும் முதல் ஓட்டம்.

கிராஸ் கன்ட்ரி பார்க்க இருக்கை கிடையாது.
ஐந்து கிலோமீட்டர்:
மேடு, ஓடை, பைன் தோப்பு, மறுபடி மேடு.
பிள்ளைகள் வளைந்து வளைந்து ஓட
பெற்றவர்கள் நாங்கள் குறுக்கே ஓடுவோம்,
காப்பி தளும்ப, மூச்சு வாங்க,
ஒரு திருப்பத்திலிருந்து இன்னொன்றுக்கு.
திருப்பத்துக்கு ஏழு நொடி கிடைக்கும்.
பேர் சொல்லிக் கத்துவதற்குள் முதுகு.

நாலு வருஷமாய் நான் பார்த்த மகள்
கூட்டிக் கழித்தால் ஒரு முதுகுதான்.
பச்சைப் பனியன்,
இடப்பக்கமே சரியும் பின்னல்.

டாங்கரில் ஒரு பதிவேடு உண்டு.
பண்ணை, எடை, பாலின் குளிர், நேரம்.
ஓரத்தில் என் கிறுக்கல்:
கிளேடன், மல்யுத்தம், நாற்பத்தெட்டு கிலோ.
தேங்க்ஸ்கிவிங் விருந்தில் அரை ஆப்பிள் மட்டும் தின்றான்.
ஆர்லோவின் முன்பல், கூடைப்பந்துத் தரையில்.
எல்லாரும் குனிந்து தேடினோம், நடுவர் உட்பட. கிடைக்கவில்லை.
கிளேடனுக்குக் காறை எலும்பு முறிவு.
அன்று எங்கள் பத்தொன்பதாவது கல்யாண நாள்.
ஆஸ்பத்திரி வாசலில் வெர்லினுக்குத்தான் ஞாபகம் வந்தது.
மாரிட், 29:40, கடைசிக்கு முந்தி. வாந்தி எடுத்தாள், பிறகு சிரித்தாள்.
மாரிட், 26:15.
மாரிட், 23:30.

ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருமுறை
கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்டார்:
'மாரிட் எந்தப் பண்ணை மாடு?
கறவை குறைந்துகொண்டே போகிறதே.'
ஆமாம், ரொம்ப சந்தோஷம் என்றேன்.

துப்பாக்கி வெடித்தது.
முதல் திருப்பத்தில் கூட்டத்தோடு கூட்டமாய்ப் பச்சை.
கத்தினேன். முதுகு.
ஓடையைத் தாண்டி, ரப்பர் பூட்ஸ் வழுக்க வழுக்க
பைன் தோப்பு முனைக்கு வந்து நின்றேன்.

ஊதாப் பனியன் மூன்று.
ஆரஞ்சு. ஆரஞ்சு. வெள்ளையில் சிவப்புக் கோடு.
பச்சை, ஆனால் அது ஹோல்ஸ்ட் வீட்டுப் பெண்.
நாற்பது வரை எண்ணினேன்.
கணுக்காலா? ஓடைக் கல்லா?
போன குளிர்காலத்து இளைப்பு திரும்பி வந்துவிட்டதா?
கடைசிப் பெண் நடந்தே வந்தாள்,
பின்னால் சைக்கிளில் ஒரு தொண்டர்.
இன்னும் யாராவது?
அவர் தலையாட்டினார், இல்லை என்று.

பாதையில் எதிர்த்திசையாய்த் தோப்புக்குள் ஓடினேன்.
மாரிட், மாரிட் என்று
மரங்களைப் பார்த்துக் கத்திய என்னை
மடக்கு நாற்காலியில் போர்வையோடு இருந்த ஒருத்தி நிறுத்தினாள்.
'பச்சையா? பின்னல் ஒருபக்கம் சரியுமா?
அது நீ வருமுன்னே போயாச்சே அம்மா,
முதல் பத்துப் பேருக்குள்ளே.'

நின்றேன்.
குறுக்கு வழியில் நான் மிச்சம் பிடித்த தூரம் அத்தனையும்
அவள் கால்கள் தின்றுவிட்டிருந்தன.
காப்பிக் கோப்பையில் ஒரு வாய்கூட மீதமில்லை.

எல்லைக்கோட்டுக்கு நான் போனபோது
ஜாக்கெட் போட்டு, ஆரஞ்சுச் சுளை உரித்துக்கொண்டு
யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள்.
என்னைக் கண்டதும் முகம் முழுசாய்த் திரும்பியது.
'எங்கேம்மா போயிட்டே?
தோப்பு முனையில உன் சத்தமே வரலை.'
பாலின் குளிர் பார்க்கப் போனேன் என்றேன்.
பொய் என்று அவளுக்குத் தெரியும்.
ஒரு சுளை தந்தாள்.

ஆலை வாசலில் பதினொன்று பத்து.
பதிவேட்டை மடியில் வைத்து எழுதினேன்:
தாமதம், பத்து நிமிடம்.
ஓரத்தில்: மாரிட், 20:51.

அடுத்த ஆய்வில் அந்த மனிதர்
நிச்சயம் கவலைப்படுவார்.