இரண்டாவது கம்பி

வெள்ளிக்கிழமை மாலை ரூவியில்
தெருவே நகராது.
எங்கள் கடைக்குள் நாலு பேர் நின்றால் கூட்டம்.
அவர் ஐந்தாவதாக வந்தார்.
பாஸ்மதி வந்த ஜிப் பையில் லேப்டாப்,
பையில் இன்னும் நாலைந்து அரிசி.

பெயர் தவசிலிங்கம்.
சோஹார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாராம்.
"வைஃபை எடுக்கல தங்கச்சி.
ரவுட்டர் கட்டிலுக்கு மேலதான் தொங்குது.
பக்கத்துக் கட்டில்காரன் போன்ல படமே ஓடுது.
இதுல எம் பொண்டாட்டி
பாதி வாயத் தொறந்தபடி அப்படியே நிக்கிறா."

வழக்கமான கேள்விகள்:
கீழே விழுந்ததா, தண்ணீர் பட்டதா,
வேறு யாரும் திறந்தார்களா.
"கீல் ஒடஞ்சு போன வருசம் மாத்தினேன்,
ஃபலஜ்ல ஒரு கடையில."
கீல் என்றதுமே பாதி விளங்கிவிட்டது.
அங்கேயே கடை இருக்கும்போது
இருநூறு கிலோமீட்டர் தாண்டி
இங்கே ஏன் என்பது மட்டும் விளங்கவில்லை.

ஆன்டெனா எங்கே இருக்கிறதென்று
யாரும் யோசிப்பதில்லை.
திரையின் தலைமாட்டில்,
பிளாஸ்டிக்குக்குப் பின்னால்,
மிட்டாய்த் தாள் மாதிரி இரண்டு தகடுகள்.
அங்கிருந்து கருப்பு ஒன்று வெள்ளை ஒன்று
சேமியா கனத்தில் கம்பிகள்
கீலுக்குள் நுழைந்து கீழே வந்து
தபால்தலை அளவு அட்டையில்
கடுகளவு குமிழ்கள் இரண்டில் உட்காரும்.
கேட்பது மேலே, புரிந்துகொள்வது கீழே.
நடுவே கழுத்து.
முக்கால்வாசிக் கோளாறு கழுத்தில்தான்.

பதினொரு திருகுகள்.
அதில் மூன்று மட்டும் நீளம்,
காந்தத் தட்டில் ஓரமாகத் தனியே வைத்தேன்.
மூடியை எடுத்ததும் மணல்.
மணலென்றுகூடச் சொல்ல முடியாது,
பவுடர், உப்பு ஈரத்தில் இறுகியது.
வெள்ளைக் கம்பி கீலுக்கடியில் நசுங்கிக் கிடந்தது,
நினைத்தபடியே.
கருப்பு
குமிழை விட்டுக் கழன்று
பேட்டரி மேல் சும்மா படுத்திருந்தது,
நுனியில் மஞ்சள் டேப் சுற்றி.

எந்தக் கடைப் பையனும்
இவ்வளவு பொறுமையாகச் சுற்றமாட்டான்.
இடுக்கியால் தூக்கிக் காட்டினேன்.

ஏசி சொட்டும் வாளியைப் பார்த்தபடி சொன்னார்:
"வெள்ளை தானா நசுங்கினது.
கருப்பு நாந்தான்."

கண் பரிசோதனையில் தோற்று
கிரேனிலிருந்து இறக்கி எட்டு மாதம்.
இப்போது கேட்டில் நின்று
லாரி நம்பர் எழுதுகிறார்.
"கொரல்ல சமாளிச்சிடலாம்.
மூஞ்சி அவளுக்கு மனப்பாடம்.
பில் மட்டும் குடு, ரிப்பேர் பண்ணியாச்சுன்னு.
போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிருக்கா."

ஓரத்தில் இருந்த பொத்தானைக் காட்டினேன்.
இதை அமுக்கினால் போதுமே,
கம்பியை எதற்குப் பிடுங்க வேண்டும்?
"அணைச்சு வச்சா பொய்யி.
இது நெசமாவே எடுக்கலைல்ல?"

பின்னாலிருந்த பிலிப்பினோ நர்ஸ்
மணிக்கட்டைத் தட்டினாள்.
பழைய திரை ஒன்றிலிருந்து
வெள்ளைக் கம்பி உருவிப் போட்டேன்.
குமிழில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினால்
ஒரு சின்ன டிக்,
காதுக்கு அல்ல, விரலுக்குக் கேட்கும்.
கருப்பைத் தொடவில்லை.
டேப்பையும்.

ஒற்றைக் கம்பியில் குரல் சுத்தமாக வரும்.
முகம் வரும், போகும்.
ரவுட்டரைப் பார்த்துத் திருப்பினால்
கொஞ்ச நேரம் நிற்கவும் நிற்கும்.
அதைச் சொன்னேன்.
தலையை ஆட்டினார், சரி என்றும் இல்லாமல்.

சோதிக்கக் கடையின் வைஃபையில் போட்டதும்
காத்துக் கிடந்ததெல்லாம் இறங்கியது,
டிங், டிங், டிங்,
நிறுத்தாமல்.
ஒன்றைக்கூடத் திறக்காமல்
படக்கென்று மூடினார்.
மூடிக்குள்ளும் இரண்டு முறை அடித்தது.

பில்லில் எழுதினேன்:
ஆன்டெனா கம்பி மாற்றம், ஒன்று.
மூன்று ரியால்.
'ஒன்று' என்பதை அவர் கவனிக்கவில்லை,
அல்லது கவனித்தார்.

நர்ஸின் லேப்டாப்பை எடுக்கும்போது பார்த்தேன்,
காந்தத் தட்டில் ஒரு திருகு.
நீளமானது.
எண் பில்லின் நகலில் இருக்கிறது.
கூப்பிட்டால்
எடுப்பாரா தெரியவில்லை.