ஏழு பக்கம் கூட

செட்டியார் தெரு, மூன்றாம் மாடி.
கீழே தங்கத்தை மில்லிகிராமில் நிறுக்கிறார்கள்.
மேலே ஜவாஹிர்
கல்குலேட்டரை என் பக்கம் திருப்பி வைக்கிறார்.
பதினாறு பக்கம் ஒரு பாரம்.
பதின்மூன்று பாரம் இருநூற்றெட்டு.
"நீங்க தந்தது இருநூற்றிப் பதினஞ்சு, டீச்சர்.
ஒண்டோ ஏழ வெட்டுங்க,
இல்லாட்டி இன்னும் ஒம்பது எழுதித் தாங்க.
பேப்பர் வெல தெரியுந்தானே."

முகவுரையை வெட்டினேன்.
கலைச்சொல் அட்டவணையை வெட்டினேன்.
மிச்சம் இரண்டு பக்கம்.
மறையை மறையால் பெருக்கினால்
நேர் வருவது ஏன்?
ஒரு மாரி முழுக்க எழுதி எழுதிக் கிழித்த
இரண்டு பக்கம்.
"ஏன்னு பாஸ்ட் பேப்பர்ல கேக்கிறல்லையே"
என்றார், தேநீரை ஆற்றியபடி.
சரியாகத்தான் சொன்னார்.
அதையும் கொடுத்தேன்.

பக்கம் அமைப்பவள் நிலுக்ஷி.
கடவத்தையிலிருந்து வருகிறாள்.
தமிழ் வாசிக்கமாட்டாள்.
ழகரமும் ளகரமும் அவளுக்கு வெறும் வளைவுகள்.
படங்களை ஸ்கேன் செய்து துப்புரவாக்கும்போது
ஒற்றெழுத்தின் புள்ளிகளைத்
தூசென்று அழித்துவிடுவாள்.
இரண்டு மெய்ப்பிலும்
நான் திரும்பத் திரும்பப் புள்ளி வைத்தேன்.

மூன்றாம் மெய்ப்பில், நூற்று முப்பத்தோராம் பக்கத்தில்
சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம்.
என்னுடையதல்ல.
"மிஸ், மே உத்தரே வெரதி நே?"
ஒரு தாங்கி, இரண்டு குழாய்.
ஒன்று நான்கு மணித்தியாலத்தில் நிரப்பும்,
மற்றது பன்னிரண்டில்.
சேர்த்துத் திறந்தால்?
விடை எட்டு என்று கிடந்தது.

பதினெட்டு வருடம் படிப்பித்தவள்
இரண்டையும் கூட்டிப் பாதியாக்கியிருக்கிறேன்.

படத்தையும் இலக்கங்களையும் மட்டும் பார்த்தவள்
அரைகுறைத் தமிழில் கேட்டாள்:
"ரெண்டு பேர் சேந்தா
ஒருத்தர விட லேட் ஆகுமா, மிஸ்?"

மூன்று என்று திருத்தினேன்.
பிறகு ஜவாஹிர் ஜும்ஆவுக்குப் போன நேரம்
வெட்டிய இரண்டு பக்கத்தைப் பையிலிருந்து எடுத்து
அவளிடம் நீட்டினேன்.
என்ன எழுதியிருக்கிறதென்று கேட்கவில்லை.
பயிற்சிகளின் எழுத்தை அரைப் புள்ளி சிறிதாக்கினாள்.
மின்விசிறி நின்று, ஜெனரேட்டர் உறுமி,
திரும்பவும் ஓடியது.
இடம் வந்தது.

ஜவாஹிர் எண்ணினார். இருநூற்றெட்டு.
ரோயல்ட்டி எட்டு வீதம், விற்றபின்.
கண்ணைச் சுருக்கிப் பயிற்சி செய்யப்போகும் பிள்ளைகளே,
அது என் குற்றம்.

உள்ளட்டையில் ஒரு வரி கேட்டு வாங்கினேன்.
பேனையால் நானே எழுதிக் கொடுத்தேன்,
அவள் அப்படியே ஸ்கேன் செய்து போட்டாள்.
மூவாயிரம் பிரதியிலும்
பக்க அமைப்பு: நிலுகஷி.