மாதா நிற்காத இடங்கள்

ஃபிரிட்ஜிலிருந்து வேளாங்கண்ணி மாதாவை
மெல்லப் பெயர்த்தெடுத்துக் கீழே போனேன்.
கட்டைவிரல் அளவு காந்தம், பின்னால் நீலக் கடல்.
கான்டெஸாவின் வலக் கதவில் வைத்தேன்: நின்றாள்.
பானெட்டில் நின்றாள்.
பின்சக்கர வளைவில் வைத்தேன்,
வழுக்கி என் செருப்பின்மேல் விழுந்தாள்.

அங்கே இரும்பில்லை. வெறும் பட்டி.

பத்தொன்பது வருடமாகப் பல் பார்க்கிறேன்.
சொத்தையைச் சுரண்டாமல் மேலோடு அடைத்தவன்
எந்த ஊர் டாக்டரானாலும்
வாய்க்குள் எட்டிப் பார்த்ததுமே திட்டிவிடுவேன்.
இதை அடைத்தவன் யாரோ.
உளி வைத்துத் தட்டினேன்.
வறண்ட ரொட்டிபோல உடைந்து வந்தது, விரல் கனத்துக்கு.
அதன் பின்னால் கம்பி வலை,
வலைக்குப் பின்னால் கசக்கித் திணித்த மராத்திப் பேப்பர்.
தொண்ணூற்றாறு, ஜூன் நான்கு.
வாஷி சந்தையில் வெங்காய விலை,
தையல் தெரிந்த ஆட்கள் தேவை,
பாதி முகம் மட்டும் மிஞ்சிய ஒரு மணப்பெண்.

எத்தனை நாள் ஆகும் என்று ஜெபராஜ் கேட்டார்.
மூன்று சிட்டிங் என்றேன், பழக்கதோஷம்.
அது கிறிஸ்துமஸுக்கு முந்தி.

வெள்ளைக்குக் கீழே மெரூன்,
மெரூனுக்குக் கீழே எவருக்கும் பிடித்திருக்க முடியாத ஒரு பச்சை.
எண்பதாம் நம்பர் தாளில் தேய்க்கத் தேய்க்க
யார் யாருடைய ஆசையோ தூளாகிப் பறந்து
இரண்டாம் மாடி சிட்னிஸ் வீட்டுக் கொடியில் உட்கார்ந்தது.
அவர் சட்டையோடு இறங்கி வந்தார்.
மறுநாள் சொசைட்டி லெட்டர்ஹெட்டில் கடிதம்:
ஞாயிறு பத்து முதல் ஒன்று வரை மட்டும்.
கம்ப்ரஸர் கூடவே கூடாது.

சனி இரவு கண்ணாடியாகத் துடைத்து வைத்த தகடு
ஞாயிறு காலை டீக்கறை போட்டிருந்தது.
செம்பூர்க் காற்றில் இருப்பது
கடல் உப்போ ரிஃபைனரிப் புகையோ,
அதற்கு லெட்டர்ஹெட்டில் யாரும் நேரம் குறிக்கவில்லை.

குர்லாவில் ஓர் இடக்கதவு வாங்கினேன்.
அச்சு அசல் இதே வண்டிதான் மேடம் என்று
மகன் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தான் கடைக்காரன்.
மாட்டினால் மேலே சுண்டுவிரல் போகிறது,
கீழே பிளேடு நுழையவில்லை.
கீலைத் தளர்த்தினால் கீழே சரி,
மேலே பூனை போகும்.
நான்கு ஞாயிறு அந்தக் கதவிடம் பேசிப் பார்த்தேன்.
ஐந்தாம் ஞாயிறு பேசவில்லை, உதைத்தேன்.
உதைத்த இடத்தில் ஒரு பள்ளம்.
அதுவும் என் கணக்கில்.

பல்லுக்கு நரம்பு உண்டு. தகடு கத்தாது.
அந்த நிம்மதிக்காகத்தான் வாங்கினேன் இந்த வண்டியை.
இப்போது கத்துவது நான்.
வாட்ச்மேன் ராம்சுபக் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

மே கடைசியில் வெல்டிங் மெஷின், நாள் வாடகை.
தொட்ட இடமெல்லாம் ஓட்டை பெரிதானது.
அரை அங்குலத்துக்குப் போனவள்
உள்ளங்கை அகலம் திறந்துவிட்டு நிமிர்ந்தேன்.
சுற்றிலும் தட்டினேன்.
நல்ல இரும்பு எங்கே தொடங்குகிறது என்று
எந்தச் சத்தமும் சொல்லவில்லை.

ஜூன் ஐந்து.
ட்ராம்பே பக்கம் வானம் ஈறு கறுத்தாற்போல் இருந்தது.
தார்ப்பாய்க்குச் சொல்லியிருந்த ஆள் போனை எடுக்கவில்லை.
முதல் துளி பானெட்டில் விழுந்தது,
ப்ரைமர்கூடப் பூசாத இடம் பார்த்து.

மேலே ஓடினேன்.
காலைப் பேப்பரைக் கொண்டுவந்து கசக்கினேன்,
நான் பாதி போட்ட குறுக்கெழுத்துப் பக்கம்,
மேலிருந்து கீழ் எட்டு இன்னும் காலி.
திணித்தேன். வலை வெட்டி வைத்தேன்.
பட்டியைக் குழைத்து வழித்து வழித்து அப்பினேன்,
விரல் கனத்துக்கு.
அவனுக்கும் ஜூன்தானே.

மாதா மேலே ஃபிரிட்ஜில்
கரண்ட் பில்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.
கீழே கூப்பிடவில்லை.