இருநூற்றுப் பன்னிரண்டாம் சீட்டு

க்ரோனிங்கனில் வெளியே பனி. உள்ளே ஐந்து பேர்,
மேசையில் மூன்று பிஸ்கட் டப்பாக்கள்:
சொன்னார். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.
நாசரேத்துக்காரரின் வாயில் ஏறிய ஒவ்வொரு சொல்லையும்
செய்ததாகச் சொல்லும் ஒவ்வொரு செயலையும்
சீட்டில் எழுதி
மூன்றில் ஒன்றில் போடுகிறோம்.
இது பதினோராவது குளிர்காலம்.

இதற்குச் சம்பளமும் உண்டு.
பால்மாடு வைத்திருக்கும் என் தம்பி யெல்லே
போனில் கேட்பான்:
இன்றைக்கு ஏதாவது சொன்னாரா உங்கள் ஆள்?
இரண்டு குறைந்தது என்பேன்.

எங்கள் அளவுகோல்களில் எனக்குப் பிடித்தது
வெட்கம்.
தொண்டன் கதை கட்டினால்
தலைவரை உயர்த்தித்தான் கட்டுவான்.
ஆகவே எழுதுகோல் கூசிய இடத்தில்
கொஞ்சம் நிஜம் இருக்கும்.
பாவமற்றவர் என்று சொன்னவர்களே
பாவிகளின் வரிசையில் நின்று
ஆற்றில் முங்கி எழுந்தார் என்று எழுத நேர்ந்தது.
முதல் டப்பா.
புத்தி பிசகிவிட்டது என்று
சொந்தக்காரர்களே பிடித்துப்போக வந்தார்கள்.
முதல் டப்பா.
இதை நால்வரில் மூத்தவர் மட்டும் வைத்திருக்கிறார்.
அவரைப் பார்த்து எழுதிய இருவர்
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
சத்தமில்லாமல் தாண்டிப் போனார்கள்.
தடம் இருக்கிறது.

லோரின்ட்ஸ் கிரேக்கத்தை அராமிக்குத் திருப்புவார்,
சட்டையை உள்புறம் திருப்பித் தையல் பார்ப்பதுபோல.
சில வரிகளுக்குள்ளே எதுகை ஒளிந்திருக்கும்.
அன்றைக்கு மேசையைத் தட்டுவார், காபி சிந்தும்.
பல சட்டைகளுக்கு உள்புறமே இல்லை.

ஹன்னோவின் முதல் நூலில் அவர் கலகக்காரர்.
விவாகரத்துக்குப் பின் வந்த நூலில்
தனிமையை நாடிக் குன்றேறுபவர்.
மூன்றாவது நூல் எழுதுகிறாராம்.
ஹன்னோவின் உடல்நலத்தை
எல்லோரும் அக்கறையோடு விசாரிக்கிறோம்.

ரீமா அதே ஊரில் பிறந்தவள்.
ஏட்டை நம்பமாட்டாள், மண்ணை நம்புவாள்.
"ஒன்றரை மணி நடந்தால் செப்போரிஸ்.
இவர் வளர்ந்தபோது அந்த நகரமே எழும்பிக்கொண்டிருந்தது.
நாலு பேரும் அதன் பெயரைக்கூடச் சொல்லவில்லை.
பக்கத்தில் வேலை நடக்க
எட்டிப் பார்க்காத தச்சனா?"
மரத் தச்சனா கல் தச்சனா
என்பதைக்கூட அந்தச் சொல் சொல்ல மறுக்கிறது.
அவள் தோண்டி எடுத்தவை
வலைக் குண்டு, விளக்கின் மூக்கு, மீன் முள்,
சுண்ணாம்புக் கல்லில் கடைந்த குவளையின் பாதி.
எதிலும் யாருடைய பெயரும் இல்லை.
குவளையின் விளிம்பில் மட்டும்
உதடு பட்டுப் பட்டு வந்த வழவழப்பு.
யாருடைய உதடோ.

நேற்று வந்தது
இருநூற்றுப் பன்னிரண்டாம் சீட்டு.
ஒரு பெண்ணை இழுத்துவந்து நிறுத்துகிறார்கள்.
கல்லெறிவதா வேண்டாமா என்று கேட்கிறார்கள்.
அவர் குனிந்து
விரலால் தரையில் எழுதுகிறார்.

மிகப் பழைய சுவடிகளில் இது இல்லை.
பின்னால் யாரோ செருகியது.
ஒரு பிரதியில் இங்கே, இன்னொன்றில் அங்கே,
பந்தியில் இலை கிடைக்காத விருந்தாளிபோல்
அலைகிறது.
வாதமே நடக்கவில்லை. ஐந்து கைகள்.
மூன்றாம் டப்பா.
முதலில் தூக்கியது என் கை.

அவர் எழுதினார் என்று
நால்வர் ஏட்டிலும் வரும் ஒரே இடம் அது.
அதுவும் புழுதியில்.
என்ன எழுதினார் என்று
செருகியவன் சொல்லவில்லை.
பொய் சொல்ல வந்தவன்
அந்த இடத்தை ஏன் காலியாக விட்டான்?
நானாக இருந்தால் நிரப்பியிருப்பேன்,
கல்வெட்டில் பொறிக்கத் தக்க ஒரு வாக்கியமாக.

எல்லோரும் போனபின் விளக்கணைக்க நின்றேன்.
மூன்றாம் டப்பாவில் எண்பத்தெட்டு
என்கிறது பதிவேடு.
எண்ணினால் எண்பத்தேழு இருக்கும்.
சொல்லாதவற்றை யாரும் எண்ணுவதில்லை.

கோட்டுப் பையில், பஸ் அட்டைக்குப் பின்னால்
மடித்து வைத்திருக்கிறேன்.
யெல்லேயிடம்கூடச் சொல்லவில்லை.
கூசிக் கூசித்தான்
இதையும் எழுதுகிறேன்.