இரண்டாயிரம் ஜனவரி ஒன்று

நாரினில் அன்று ஹீட்டர் ஓடியது
எங்கள் அறையில் மட்டும்.
டொக்டோசுன் சட்டைப்பையிலிருந்து
மெமரி கார்டை எடுத்து வைத்தான்.
கொஞ்சம் புகையிலைத் தூளும் கூட வந்தது.
ஐந்து மாதக் கணவாய் அதற்குள்.

2316 படங்கள்.
கேமரா வைத்த பெயர்கள்: நாலு எழுத்து, ஒரு எண்.
யாரையும் கூப்பிட உதவாதவை.
நாளும் மணியும் நொடியும் பெயராகட்டும் என்று
ஆறு வரி ஸ்கிரிப்ட் எழுதினேன்.
இடைவெளி வந்தால் பெயர் இரண்டாக உடையுமே என்று
மேற்கோள்குறிகூடப் போட்டேன்.
அதில் மட்டும் கெட்டிக்காரி.

முதலில் சொல்லிக்காட்டச் சொல், பிறகு செய்யச் சொல்:
மேஜையில் நானே ஒட்டிய சீட்டு.
அதன்மேல் தேநீர்க் கோப்பை இருந்தது.

என்டர்.

பதினோரு நொடி. டெர்மினல் முனகக்கூட இல்லை.
எண்ணினேன்: 2177.
மறுபடி எண்ணினேன்.

"குளிரில் பேட்டரி செத்துப்போகும்," என்றான்,
"வெயில் பட்டால் எழும். எழுந்ததும் ஒரு படம் எடுக்கும்."
எழும்போதெல்லாம் அதன் கடிகாரத்துக்கு
இரண்டாயிரம் ஜனவரி ஒன்று, பூஜ்யம் மணி.
நூற்று நாற்பது விடியலுக்கும் ஒரே பெயர்.
ஒரே பெயர் என்றால் ஒரே நாற்காலி;
பின்னால் வந்தது உட்கார
முன்னால் இருந்தது இல்லாமல் போனது.

பிரதி எடுத்தாயா என்று அவன் கேட்கவில்லை.
நேராகக் கார்டிலேயே ஓட்டியிருந்தேன்.

டொக்டோசுன் என்றால் 'தங்கட்டும்' என்று பொருள்.
அவனுக்கு முன் பிறந்த மூவர் தங்கவில்லை.

"அந்தப் பாறையில்," என்றான் கொஞ்ச நேரம் கழித்து,
"ஒரு சிறுத்தை பெய்ததன் மேல்
இன்னொன்று வந்து பெய்யும்.
முகர்ந்து பார்த்தால் பழையதும் அடியில் இருக்கும்."

கார்டை வெளியே பிடுங்கினேன்.
எதுவும் எழுதாதபடி பூட்டி,
மீட்கும் நிரலிடம் கொடுத்தேன்.
இரவு முழுக்க அது தடவிக்கொண்டிருந்தது.

காலையில் ஐம்பத்திரண்டு வந்திருந்தன.
தேதி இல்லை. பெயர் என்று சொல்ல ஏதும் இல்லை.
பாதிப் படங்கள் பாதிதான்,
கீழே சாம்பல் நிறப் பட்டை.

டொக்டோசுன் நாற்காலியை இழுத்துப் போட்டான்.
"பனி பாறையின் முழங்கால்வரை. டிசம்பர்.
இது காற்று, விடு.
இரு, இரு. காது கிழிந்தவள்!
இந்தக் குளிர்காலம் அவளை யாருமே பார்க்கவில்லை."

லூப் எதுவும் எழுதாமல்
தட்டச்சு செய்தேன், ஒவ்வொன்றாக.
ஐம்பத்திரண்டுக்கும் மதியமாகிவிட்டது.