பதினேழாவது பிழை

அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் நான் டைம் கீப்பர்.
தென்காசி வண்டி நாலு நிமிஷம் பிந்தினால்
டிரைவர் முகத்தைப் பார்க்காமல்
சிவப்பு மையில் எழுதுகிறவன்.

பத்மா டாக்கீஸில் பழைய படம் போட்டார்கள்.
பத்தொன்பது பாட்டு, ஏழு நாள்.
ஏழு நாளும் போனேன்
சட்டைப் பையில் பழைய டிரிப் ஷீட்டோடு.
அதன் முதுகு வெள்ளை.

முதல் சரணத்தில் நாற்று நடுகிறாள் நாயகி.
இரண்டாவதில் கதிர் முற்றிச் சாய்ந்து கிடக்கிறது.
மூன்றாவதில் திரும்பவும் நாற்று.
காரா பிசானமா என்று
எந்த வயற்காரனாலும் சொல்ல முடியாது.
மழையில் தொப்பலாக நனைந்து பாடுகிறவள்
வீட்டுப்படி ஏறினால்
கொண்டைப் பூ மட்டும் காய்ந்திருக்கிறது.
மடியில் வீணை, கேட்பது ஆர்மோனியம்.

நாயகனுக்குக் கண் போய்விட்டது,
மின்னல் பறித்துக்கொண்டு போனது.
ஆனாலும் ஓடைக்கல் வந்தால்
குனிந்து பார்த்துத் தாண்டுகிறான்.
எரித்த கடிதத்தை நாலு பாட்டுக்குப் பிறகு
மடிப்புக் கலையாமல் எடுத்துப் படிக்கிறான் வில்லன்.
செங்கோட்டையில் ரயிலேறி
திருநெல்வேலியில் இறங்குவதற்குள்
ஒரே பனையை ஆறு தடவை கடந்தாயிற்று.
அந்த ரயில் சொன்ன நேரத்துக்கு வேறு வந்தது.
அதைத் தனிப் பிழையாக எழுதிக்கொண்டேன்.

‘பாட்டுக்குள்ள பூந்து கணக்குப் பாக்கேரு,
ஒம்மத் தூக்கி ஆத்துல போடணும் வே’
என்றார் சோடாக்கடை மைதீன் பிச்சை.

பதினேழாவது பிழை இது:
அதுவரை ஒரு காட்சியிலும் வராத தோணிக்காரன்
ஆற்றங்கரையில் செத்துக் கிடக்கிறான்.
யாரென்றே தெரியாதவனுக்கு
நாயகி ஆறரை நிமிஷம் ஒப்பாரி.
பிணம் மூச்சு விடுகிறது,
மூன்று தடவை.

இன்னொன்றும் குறித்திருந்தேன், ஓரத்தில், எண் போடாமல்.
ரைஸ் மில்லில் மூட்டை தைக்கிற ஆவுடைத்தங்கம்
தினமும் முழு டிக்கெட் வாங்கி
எட்டு ஐந்துக்கு உள்ளே, எட்டு இருபதுக்கு வெளியே.

ஆறாம் நாள் சோடாக்கடையில்
பட்டியலை உரக்க வாசித்தேன்.
விக்கிரமசிங்கபுரம் வண்டிக்கு நின்றவள்
பதினேழில் திரும்பினாள்.

‘மூணு இல்ல, அஞ்சு.’

சணல் தூசி அப்பிய கையை விரித்துக் காட்டினாள்.

‘பாவநாசத்துல எடுத்தாவ. ரெண்டு ரூவா குடுத்து
எங்க வீட்டு ஆளப் படுக்கச் சொன்னாவ.
உச்சி வெயிலு, மூக்குல பஞ்சு,
மூச்ச அடக்குன்னாவ.
பீடி குடிக்கவரு, எங்கன அடக்குவாரு?
நாலாவது, அந்தப் பொம்பள மேல விழும்போது.
அஞ்சாவது சேலைக்குள்ள மறஞ்சிரும்.
ஆனா சேலை அசையும், பாத்துக்கிடுங்க.
தெனமும் அஞ்சு தடவ பொழச்சுக்கிடுதாரு மனுசன்’
என்று சிரித்தாள்.
பஸ் வந்தது. முண்டி ஏறிவிட்டாள்.

ஆள் இப்போ எங்கே என்று
மைதீன் பிச்சை வாயெடுத்தார்.
கோலியை அழுத்தி ஒரு சோடாவை உடைத்தேன்,
சத்தமாக.

ஏழாம் நாள் பெஞ்சு டிக்கெட், திரைக்கு மூணு முழம்.
ஒன்று. இரண்டு. மூன்று.
நாயகி விழுந்தாள், நாலு.
பிறகு ரொம்ப நேரம் ஒன்றுமில்லை.
பாட்டு முடியப் போகிற இடத்தில்
முந்தானை நெல்லளவு எழும்பித் தணிந்தது.
காற்றாக இருக்கலாம்.
கரை நாணல் ஒன்றுகூட ஆடவில்லை.

திரும்பிப் பார்த்தேன்.
சுண்டுவிரலை மடக்கிவிட்டு
எழுந்துகொண்டிருந்தாள். எட்டு இருபது.

இருட்டிலேயே மூன்றை அடித்து ஐந்தாக்கினேன்.
பிழை பிழைதான், அதில் மாற்றமில்லை.
எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும்.