தண்ணீர் ஊற்ற வேண்டாம்

புதுவயல் தாண்டி முதல் கேட்.
பகல் எனக்கு, இரவு மாயழகுக்கு.
இருவருக்கும் பொதுவாக
ஒரு தொலைபேசி, ஒரு பச்சைக்கொடி,
ஒரு காகிதப்பூச் செடி.

கண்டனூரில் முப்பது ரூபாய்க்கு வாங்கினேன்.
திருவாரூர் வண்டி போனதற்கும்
அடுத்த மணி அடிப்பதற்கும் இடையில்
செம்பூரான் கல்லைக் கடப்பாறையால் கொத்தினேன்.
முழங்கை ஆழம்கூடப் போகவில்லை.
அதுவே போதும் என்றிருந்தார் நர்சரிக்கார அடைக்கலம்:
"நல்ல மண்ணு குடுத்துக் கெடுத்துராதீங்க.
வாடுனாத்தான் அது வாயைத் தொறக்கும்."

மூன்று வருஷம்.
வேலியை ஏறிக் கடந்தது, கேபின் கூரையைத் தொட்டது,
போகும்போதெல்லாம் முள்ளால்
சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தியது.
பூ மட்டும் இல்லை.
வெண்டைக்காய்ப் பாத்தி மாதிரி பச்சை.

ஒருநாள் ஷிப்ட் மாறும்போது பார்த்தேன்,
அடியில் ஈரம்.
டிபன் பாக்ஸ் கழுவிய தண்ணீர், முகம் கழுவிய தண்ணீர்,
போதாதென்று ஒரு குடம்.
"பாவம்க்கா, தொங்கிப்போய் நின்னுச்சு."
பகலெல்லாம் நான் காயப்போட்டதை
இரவெல்லாம் அவன் நனைத்திருக்கிறான்.

டூட்டிப் புத்தகத்தில்
வண்டி எண்ணுக்குக் கீழே எழுதினேன்:
செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.
படித்தான். கையெழுத்துப் போட்டான்.
ஊற்றினான்.

மார்கழியில் டிராலியில் வந்த இன்ஜினியர் குரியன்
பார்வையை மறைக்கிறது, வெட்டு என்றார்.
நியாயந்தான். மேற்கே வளைவு,
பைக்கில் வருகிறவனுக்கு இன்ஜின் தெரியாது.
அரிவாளை நானே எடுத்தேன்.
முழங்கால் உயரத்துக்கு நாலு குச்சி மிஞ்சியது,
என் கைகளில் பதினோரு கீறல்.
வெட்டிய முள்ளைக் கிடைக்காரர்கள்
படலுக்கு இழுத்துப் போனார்கள்.

மாயழகு இரண்டு நாள் பேசவில்லை.
செத்ததுக்கு எதுக்குத் தண்ணி என்று
குடத்தைக் கவிழ்த்து வைத்தான்.

தை முழுக்கக் குச்சிதான்.
மாசியில், சாம்பல் பட்டையில்,
கடுகளவு சிவப்பு.
நான் யாரிடமும் சொல்லவில்லை.

பங்குனி பிறந்தபோது இலையே தெரியவில்லை.
பீட்ரூட் நறுக்கிய கைநிறம், குச்சி குச்சியாக.
ரயில் ஜன்னல்களிலிருந்து போன்கள் நீண்டன.
நிறமெல்லாம் பூவில்லை, அதுவும் இலைதான்,
நடுவில் இருக்கும் வெள்ளைப் பொட்டுதான் பூ
என்றால் மாயழகு நம்பவில்லை.
டார்ச் அடித்துக் காட்டினேன்.
"இம்புட்டூண்டா?" என்றான்.
"இதுக்கா இத்தனை பட்டினி?"

குரியன் மறுபடி வந்தார்.
"இது எப்ப வச்சீங்க?"
"நீங்க வெட்டச் சொன்னதுதான் சார்."
வளைவைப் பார்த்தார். செடியைப் பார்த்தார்.
நோட்டில் ஒன்றும் எழுதாமல் டிராலி ஏறினார்.

இன்று காலை வந்தேன்.
அடியில் ஈரம்.
ராத்திரி மழை பெய்திருக்க வேண்டும்,
ஒரு செடிக்கு மட்டும்.